பாஸ் லூர்ல பிக்கரல் மாட்டலையா? எங்க தப்புன்னு இப்படித் தேடுங்க

அமெரிக்காக்காரங்க வால்ஐன்னு சொல்ற மீனை கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல பிக்கரல்னு சொல்றோம், மீன் ஒண்ணுதான், நான் இங்க பழகின பேர்லயே எழுதறேன். டொரன்டோலேருந்து கார்ல ஒன்றரை மணி நேரத்துல வந்துடற ரைஸ் லேக், அதைச் சுத்தி மேல இருக்கற கவார்தா ஏரிங்க, கிழக்கால பே ஆஃப் குவின்டி, இதுதான் நான் சுத்தற இடம். இங்கெல்லாம் பாஸ்ங்கற மீனும் பிக்கரலும் ஒரே தண்ணியில, சில நேரம் ஒரே பாறையைச் சுத்தித்தான் இருக்கும், அதனால பாஸுக்குன்னு வாங்கி வச்ச ஜெர்க்பெய்ட், லிப்லெஸ், ஸ்விம்பெய்ட், நெட் ரிக்னு இருக்கற லூர், அதாவது செயற்கை இரை, எல்லாத்தையும் பிக்கரல் நல்லாவே கடிக்கும். உயிரோட இருக்கற மின்னோ, அதாவது பொடி இரை மீன், இல்லாம பிக்கரல் பிடிக்கவே முடியாதுன்னு இன்னும் பலபேர் நம்பறாங்க, அது உண்மையே இல்ல. அதோட 2022லேருந்து மின்னோ, அட்டை மாதிரி இரையை ஒரு இரை மண்டலத்துலேருந்து இன்னொரு இரை மண்டலத்துக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ஒன்டாரியோல சட்டம் இருக்கு, சொந்த மண்டலத்துக்கு வெளிய பிடிச்சா கடை ரசீதையும் கையோட வச்சிருக்கணும், லூர்னா அந்தத் தொல்லையே இல்ல.

ஆனா பாஸுக்குப் பழகின கை இருக்கே, அது பிக்கரலுக்கு ஒத்து வராது. வேகமா சுத்தும், பலமா சுண்டும், வெயில் நேரத்துல போய் நிக்கும். அதனால மாட்டலைன்னா கடைக்கு ஓடி இன்னொரு பொட்டி லூர் வாங்காதீங்க, உங்களுக்கு என்ன நடக்குதுன்னு கீழ பாத்து அங்கேருந்து சரி பண்ணுங்க.

பகல் பூரா போட்டாச்சு, ஒரு கொத்து கூட இல்ல

முதல்ல கடிகாரத்தைப் பாருங்க, லூரைப் பாக்காதீங்க. பிக்கரலோட கண்ணுல விழித்திரைக்குப் பின்னாடி ஒளியைத் திருப்பி அடிக்கற ஒரு படலம் இருக்கு, பூனைக்கு இருக்கே அதே மாதிரி. ராத்திரி டாக்ல, அதான் படகுத் துறைப் பலகையில, நின்னு டார்ச்சை தண்ணிக்குள்ள அடிச்சா ரெண்டு பொட்டு கண்ணு பளிச்சுன்னு தெரியும், அது பிக்கரல்தான். மங்கின வெளிச்சத்துல அதுக்கு நல்லா கண்ணு தெரியும், பெர்ச்சுக்கும் மின்னோவுக்கும் அந்த அளவு தெரியாது, அதனால அது வேட்டைக்கு வர்றதே அந்த நேரத்துலதான். உச்சி வெயில்ல டாக் நிழல்ல பாஸ் கடிக்குதேன்னு பிக்கரலையும் அதே நேரத்துல தேடினா வெறுங்கையோடதான் வரணும்.

சூரியன் மறையறதுக்கு அரை மணி முன்னாடியிலேருந்து மறைஞ்சு ஒரு ரெண்டு மணி நேரம் வரைக்கும், அப்புறம் விடியக்காலை, இதுதான் நேரம். பகல்லதான் போக முடியும்னா காத்து அடிக்கற நாளா பாத்துப் போங்க, அலை இருந்தா வெளிச்சம் உடைஞ்சு உள்ள மங்கலா இருக்கும், காத்து எந்தக் கரைமேல மோதுதோ அந்தக் கரைக்கே போங்க, படகை நிறுத்தக் கஷ்டமா இருந்தாலும் மீன் அங்கதான். கலங்கின தண்ணியும் நல்லதுதான், ரைஸ் லேக்ல தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கறதாலதான் அங்க பகல்லயும் கிடைக்குது. பே ஆஃப் குவின்டில கதையே வேற, 90கள்ல ஜீப்ரா மசல்ங்கற குட்டிச் சிப்பி வந்து தண்ணியை வடிகட்டித் தெளிய வச்சிருச்சு, வெளிச்சம் அடி வரைக்கும் போய் களை அடர்த்தியாச்சு, அதனால வெயில் ஏறிட்டா மீன் களைக்குள்ள புகுந்துக்கும் இல்லைன்னா ஆழத்துக்குப் போயிடும்.

நேரம் சரி, காத்து சரி, அப்பவும் ஒண்ணும் இல்லைன்னா ஆழம் தப்பு. லூர் ஏரித் தரையிலேருந்து ஒரு அடி மேல போகணும், அதுக்காக அடியில உரசி சேத்துல புதையக் கூடாது, பிக்கரல் மேல பாத்து அடிக்கற மீன், அதுக்குக் கீழ போனா கண்டுக்காது.

பாஸ் மட்டும்தான் மாட்டுது

இது கெட்ட செய்தி இல்ல. லூர் வேலை செய்யுது, இடம் மட்டும் ஒரு படி தள்ளி இருக்கு. ரைஸ் லேக் மாதிரி ஆழம் கம்மியான ஏரியில பாஸ் மூணு நாலு அடி தண்ணியில, டாக் பக்கத்துல, களைக்கு நடுவுல உக்காந்திருக்கும், பிக்கரல் அந்தக் களை முடியற வெளி ஓரத்துல, எட்டு பத்து அடியில வரிசையா நிக்கும். நீங்க கரையைப் பாத்து வீசறதை விட்டுட்டு படகை இன்னும் வெளிய தள்ளி களை ஓரத்துக்கு இணையா வீசுங்க. அப்போ வீசின தூரம் முழுக்க லூர் மீன் இருக்கற கோட்டுலேயே வரும், கரைக்கு நேரா வீசினா அந்தக் கோட்டை ரெண்டு செகண்ட்ல தாண்டிடும்.

அடுத்தது வேகம். பாஸுக்கு சுத்தறதுல பாதி வேகத்துல சுத்துங்க, ஸ்பின்னர்பெய்ட்னா தகடு சுத்தறது ராடு முனையில துடிப்பா தெரியற குறைஞ்ச வேகம் எதுவோ அது போதும். நாலு இன்ச் துடுப்பு வால் ஸ்விம்பெய்டை 3/8 அவுன்ஸ் ஜிக்ல, அதான் தலையில எடை வச்ச தூண்டில் முள்ளுல, மாட்டி அடியில தொட விட்டு நிதானமா கொண்டு வந்தா, நான் சொல்றேன், பாஸ் பொட்டியில அதை விட நல்ல பிக்கரல் லூர் வேற இல்ல.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். தெற்கு ஒன்டாரியோல பிக்கரல் சீசன் மே மாசமே திறந்துடும், பாஸ் சீசன் ஜூன்லதான். அந்த நடு வாரங்கள்ல ஆண் பாஸ் முட்டைக்குக் காவல் நிக்குது, அதைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் போட்டோ எடுத்துட்டு இருந்தா அதுக்குள்ள கோபி, சன்ஃபிஷ் மாதிரி சின்ன மீனுங்க வந்து கூட்டை காலி பண்ணிடும். அதனால மாட்டினது பாஸ்னா தண்ணியிலேயே வச்சு கழட்டி உடனே விடுங்க, அதே இடத்துல திரும்பப் போடாம தள்ளிப் போங்க. எடுக்க அனுமதிக்கற பிக்கரல் அளவும் எண்ணிக்கையும் மீன்பிடி மண்டலத்துக்கு மண்டலம் மாறும், போற ஏரி எந்த மண்டலம்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

டக்குனு ஒரு தட்டு, அப்புறம் ஒண்ணும் இல்ல

அதிகம் பேர் கேக்கறது இதுதான், அதிகம் மீன் கைவிட்டுப் போறதும் இங்கதான். பாஸ் கடிச்சா ராடே வளையும். பிக்கரல் அப்படி இல்ல, லைன்ல ஒரு மழைத்துளி விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு செப்டம்பர் சாயங்காலம் டாக்ல உக்காந்து ப்ரெய்டு லைனை, அதான் பின்னின நூலை, ஆள்காட்டி விரல் மேல போட்டு ஜிக்கை இறக்கிட்டு இருந்தேன், விரல்ல ஒரு சின்ன டிக், லைன் இறங்கிட்டே இருந்தது திடீர்னு நின்னுடுச்சு, ஆனா அங்க பன்னெண்டு அடி ஆழம், ஜிக் அடி தொட இன்னும் ரெண்டு மூணு செகண்ட் ஆகணும். அடியைத் தொட்டுடுச்சுன்னு நினைச்சு நான் சும்மா இருந்தேன், லைன் மெதுவா இடது பக்கமா நகர ஆரம்பிச்சதும்தான் புரிஞ்சுது, சுதாரிச்சு இழுக்கறதுக்குள்ள துப்பிட்டுப் போயிடுச்சு. அன்னிலேருந்து ஜிக் இறங்கறப்ப மனசுக்குள்ள எண்ணுவேன். எண்ணிக்கைக்கு முன்னாடி லைன் நின்னா அது அடி இல்ல, மீன்.

பிக்கரல் இரையைக் கவ்வறதில்ல, வாயைத் திறந்து தண்ணியோட சேத்து உள்ள உறிஞ்சும். லைன் விறைப்பா இருந்தா லூர் வாய்க்குள்ள போகவே போகாது, முன்னால வர்ற மாதிரி வந்து நழுவிடும், அதுதான் அந்த வெறும் தட்டு. அதனால ஜிக் இறங்கறப்ப லைனை ரொம்ப இழுத்தும் பிடிக்காதீங்க, தொளதொளன்னும் விடாதீங்க, லேசா தொட்டுட்டு இருக்கற மாதிரி கூடவே இறக்குங்க. தட்டு தெரிஞ்சதும் பாஸுக்கு சுண்டற மாதிரி தோளோட சேத்து வெட்டாதீங்க, மணிக்கட்டை மேல தூக்கினாலே போதும், ப்ரெய்டு நீளாது, முள் கூரா இருந்தா அதுவே ஏறிடும்.

அப்பவும் தவறுதுன்னா பிளாஸ்டிக்கோட வாலைப் பாருங்க. பல் தடம் வால்ல மட்டும் இருந்தா மீன் பின்னாலேருந்து கிள்ளிட்டுப் போகுது. அஞ்சு இன்ச் போட்டிருந்தா மூணா குறைங்க, இல்ல தலைப் பக்கத்துல ஒரு இன்ச் வெட்டிட்டு மாட்டுங்க, முள் அந்த அளவுக்குப் பின்னாடி போயிடும். அதுவும் போதலைன்னா ஜிக் முள்ளோட வளைவுலேருந்து ரெண்டு இன்ச் லைன்ல ஒரு குட்டி ட்ரெபிள், அதான் மூணு முனை முள், கட்டி வால்ல குத்தி வைங்க. களை இருக்கற இடத்துல இதைச் செய்யாதீங்க, குப்பை மட்டும்தான் வரும்.

ராடும் காரணமா இருக்கலாம். களைக்குள்ள ஜிக் போட வச்சிருக்கற அந்த விறைப்பான ஹெவி ராடை வீட்டுலயே வைங்க. ஏழடி ஸ்பின்னிங் ராடு, மீடியம் இல்லைன்னா மீடியம் லைட், 10 பவுண்டு ப்ரெய்டு, முன்னால மூணு நாலு அடிக்கு 8 இல்லைன்னா 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர், இதை மட்டும் வச்சு இந்தப் பதிவுல இருக்கற முக்காவாசி வேலை நடந்துடும்.

ஜெர்க்பெய்ட் பின்னாடியே வருது, கடிக்க மாட்டேங்குது

படகுக்கிட்ட வரைக்கும் தங்க நிறத்துல ஒரு நிழல், வாலோட கீழ் நுனியில ஒரு வெள்ளைப் பொட்டு, அப்படியே திரும்பிப் போயிடும். பாக்கவே வயிறு எரியும். இதுக்கு ஒரே மருந்து, நிறுத்துங்க. பாஸுக்கு சுண்டு சுண்டு நிறுத்து, சுண்டு சுண்டு நிறுத்துன்னு ஒரு தாளத்துல போவோம், பிக்கரல் கடிக்கறது அந்த நிறுத்தத்துலதான், அதை இழுத்துக்கிட்டே போகணும். தண்ணி 18 டிகிரிக்கு மேலன்னா ஒண்ணு ரெண்டு செகண்ட் போதும், 10 டிகிரிக்கு இறங்கிட்டா அஞ்சுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க, அதுக்கும் கீழ போனா இன்னும் அதிகம். பத்து செகண்ட் சும்மா நிக்கறது ரொம்ப கஷ்டம், கை தானா சுத்தும், அதனால நான் சத்தமாவே எண்ணுவேன்.

ஆனா நிறுத்தினா மட்டும் போதாது, நிறுத்தின இடத்துல லூர் நிக்கணும். சஸ்பெண்டிங்னு அட்டையில போட்டிருந்தாலும் குளிர்ந்த தண்ணி அடர்த்தி கூட, அதனால கோடையில அசையாம நின்ன அதே லூர் நவம்பர்ல மெதுவா மேல ஏறும். டாக் ஓரத்துல தண்ணிக்குள்ள ஒரு கை ஆழத்துல இழுத்து நிறுத்திப் பாருங்க. ஹஸ்கி ஜெர்க்கோ எக்ஸ்-ராப்போ எதுவா இருந்தாலும் சரி, பத்து எண்ணறதுக்குள்ள முதுகு மேல வந்து தெரிஞ்சா அது நிக்கல. நான் என்ன பண்றேன்னா மெல்லிசான சால்டர் கம்பியை முன் ட்ரெபிளோட தண்டுல நாலு சுத்து சுத்தி, திரும்ப தண்ணியில விட்டுப் பாத்து, மூழ்கினா அரை சென்டிமீட்டர் வெட்டி, மறுபடி விட்டுப் பாப்பேன். மூக்கு கொஞ்சம் கீழ சாஞ்சு அப்படியே தொங்கிட்டு நிக்கணும், அதுதான் சரியான அளவு. கொஞ்சம் மேல ஏறினாக்கூட பாஸ் கடிக்கும், குளிர்ல இருக்கற பிக்கரல் துரத்தி மேல வர யோசிக்கும்.

இன்னொண்ணு, லூரை ஸ்னாப் ஸ்விவல்ல, அதான் சுழல்ற கொக்கியில, மாட்டியிருக்கீங்களா? அந்த எடை மூக்கை இழுத்து ஆட்டத்தையே கெடுத்துடும். ஸ்விவல் இல்லாத சின்ன வட்ட ஸ்னாப் போடுங்க, இல்ல லூப் முடிச்சு போடுங்க.

க்ராங்க்பெய்ட் ஒரு பக்கமாவே ஓடுது, ஆழமும் போகல

மூக்குத் தகடால ஆழம் போற இந்த லூரை உங்களைப் பாத்த மாதிரி பிடிச்சுக்கங்க. இழுக்கறப்ப அது உங்க இடது பக்கம் ஓடுச்சுன்னா மூக்குல இருக்கற கம்பி வளையத்தை உங்க வலது பக்கமா, மூக்கு இடுக்கியால மயிரிழை அளவு வளைங்க, திரும்ப வீசிப் பாருங்க. ஒரே தடவையில நிறைய வளைச்சா கம்பி ஆடிப் போயிடும். ஆழம் போகலைன்னா லைன் தடிமன்தான் காரணம், 14 பவுண்டு மோனோவுல எட்டு அடி போறது 10 பவுண்டு ப்ரெய்டுல இன்னும் கீழ போகும், தூரமா வீசினா இன்னும் கீழ. ராடு முனையைத் தண்ணிக்குள்ள விட்டு சுத்தினாலும் கொஞ்சம் கிடைக்கும்.

ஒவ்வொரு வீச்சுலயும் களைதான் வருது

களையை விட்டு ஓடாதீங்க, கவார்தால ஜூலை ஆகஸ்ட்ல மீன் அங்கதான். என்ன களைன்னு பாருங்க. அகலமான இலையோட உயரமா வளர்ற கேபேஜ் களைனா ரொம்ப நல்லது, அது மொடமொடன்னு உடையும். அதுக்கு மேல அரை அவுன்ஸ் ராட்-எல்-ட்ராப் மாதிரி மூக்குத் தகடு இல்லாத ஒரு லிப்லெஸ்ஸை வீசி களை நுனியில தொட விடுங்க, சிக்கினதும் ராடை ஒரு வெடுக்கு, இலையைக் கிழிச்சுட்டு வெளிய வந்து ஆடிக்கிட்டே விழும், அந்த விழறப்பதான் அடிக்கும். மெதுவா போன்னு இவ்வளவு நேரம் சொன்னேனே, இங்க மட்டும் அது செல்லாது. கோடைத் தண்ணியில பிக்கரல் சுறுசுறுப்பா இருக்கும், யோசிக்க நேரம் குடுக்காம பக்கத்துல வெடுக்குனு ஒண்ணு பாஞ்சா அடிச்சுடும். தகடு வச்ச ஜிக், அதான் சாட்டர்பெய்ட், அதையும் இதே மாதிரி களைக்கு நடுவுல இருக்கற சந்துல ஓட்டலாம்.

மில்ஃபாயில்னா நூல் நூலா சுத்திக்கும், அங்க ட்ரெபிள் முள்ளே வேண்டாம், கூம்புத் தலை ஜிக்ல ஸ்விம்பெய்டை மாட்டி ஓரத்துல மட்டும் ஓட்டுங்க. தவளை லூரும் கனமான ஃப்ளிப்பிங் ஜிக்கும் பிக்கரலுக்குன்னு கிளம்பற நாள்ல என் பொட்டியில இருக்காது.

லைன் அறுந்து அறுந்து போகுது

பிக்கரலுக்குக் கோரைப் பல் உண்டு, ஆனா அது லைனை வெட்டறது அபூர்வம், பிடிச்சுக் குத்தற பல் அது, வெட்டற பல் இல்ல. சுத்தமா கத்தியால வெட்டின மாதிரி அறுந்திருந்தா அது மஸ்கி இல்லைன்னா பைக், ரெண்டும் கூர்ப் பல் மீனுங்க, இதே களை ஓரத்துலதான் இருக்கு. அந்த இடத்துல மெல்லிசான கம்பி லீடர் போடுங்க, கடி கொஞ்சம் குறையும், ஆனா வாயில லூரோட ஒரு மீன் சுத்தறதை விட அது மேல். அறுந்த நுனி சொரசொரன்னு உரிஞ்சிருந்தா ஜீப்ரா மசல் வேலை, பாறை மேல ஜிக் இழுக்கறப்ப ஒவ்வொரு பத்து வீச்சுக்கும் லீடரை விரல்ல உருவிப் பாருங்க, சொரசொரப்பு தட்டினா வெட்டிட்டுக் கட்டுங்க, சோம்பல் படாதீங்க.

மாட்டுது, கிட்ட வந்ததும் கழண்டுடுது

பிக்கரல் குதிக்காது, தலையை இடமும் வலமுமா ஆட்டிக்கிட்டே அடிக்கு இழுக்கும், படகைப் பாத்ததும் ஒரு தடவை திரும்பக் கீழ பாயும். பாஸுக்கு இறுக்கி வச்ச ட்ராகோட, அதான் ரீல்ல லைனை விடற பிரேக்கோட, இருந்தீங்கன்னா அந்தப் பாய்ச்சல்ல முள் பிச்சுக்கிட்டு வந்துடும். ட்ராகை கையால இழுத்தா வர்ற அளவுக்குத் தளர்த்துங்க, ராடை வளைச்சே வைங்க, ராடைத் தாழ்த்தி சுத்தற பழக்கம் இருந்தா விடுங்க, அந்த ஒரு நொடி தளர்ச்சி போதும். தலை தண்ணிக்கு மேல வந்துட்டா ஆட்டம் அதிகம், அதனால தண்ணிக்குள்ளேயே வச்சு வலையை முன்னாடி போட்டு மீனை உள்ள கொண்டு வாங்க.

பாஸைப் பிடிக்கற மாதிரி கட்டை விரலை வாய்க்குள்ள விட்டுத் தூக்காதீங்க. இதைத் தெரியாம செஞ்சு விரல் கிழிஞ்சவங்களை நான் பாத்திருக்கேன். முதுகு முள்ளும் குத்தும், செவுள் மூடியோட ஓரமும் கீறும், அதனால ஈரக் கையால முதுகுத் துடுப்பை அமுக்கி வயித்துக்குக் கீழ தாங்கிப் பிடிங்க.

நிறம் மாத்தி மாத்திப் போட்டும் பிரயோஜனம் இல்ல

நிறத்தைக் கடைசியா பாருங்க, நேரமும் ஆழமும் வேகமும் சரியான பிறகு. பிக்கரல் கண்ணுக்கு ஆரஞ்சு-சிவப்புப் பக்கமும் பச்சைப் பக்கமும்தான் நல்லா தெரியும், கலங்கின தண்ணிக்கு ஃபயர்டைகர், சார்ட்ரூஸ் மாதிரி பளிச்சுன்னு இருக்கற பச்சை மஞ்சள், தெளிஞ்ச தண்ணிக்கு பெர்ச் நிறம், வெள்ளி, நல்ல இருட்டுல கறுப்பு இல்லைன்னா கத்தரிப்பூ. இந்த நாலஞ்சுக்கு மேல எனக்குத் தேவைப்பட்டதில்ல.

நவம்பர் வந்துடுச்சு, எதுவும் அசையல

இலையுதிர் காலக் கடைசியில ஒன்டாரியோ ஏரியிலேருந்து பெரிய பிக்கரலுங்க இரை மீனைத் தொடர்ந்து பே ஆஃப் குவின்டிக்குள்ள வரும், 10 பவுண்டுக்கு மேல கூட. வருஷத்துல நான் லீவ் போட்டு காத்திருக்கறது இந்த வாரங்களுக்குத்தான். ராத்திரி கரையோரப் பாறைக்கு மேல ஜெர்க்பெய்ட், மேல சொன்ன அந்தக் கம்பி சுத்தின ஜெர்க்பெய்ட், ரொம்ப மெதுவா. பகல்ல ஆழத்துல சில்வர் பட்டி (Silver Buddy) மாதிரி ஒரு பிளேட் பெய்ட், அதான் தகடு லூர், பாஸ்காரங்க குளிர்ல ஸ்மால்மவுத் பாஸுக்கு வச்சிருக்கறதுதான். அடி தொட விட்டு, ராடு முனையில ஒரு துடிப்பு தெரியற வரைக்கும் மட்டும், ஒரு அடி கூட வேண்டாம், தூக்கி, லைனைத் தொட்டுக்கிட்டே இறக்குங்க. பலமா தூக்கறதுதான் இங்க எல்லாரும் பண்ற தப்பு, தூக்கினா முள் லைன்லயே சிக்கிக்கும், மீனும் அவ்வளவு தூரம் மேல வராது.

விட்ட மீன் தண்ணி மேல மிதக்குது

முப்பது அடிக்கு மேல ஆழத்துலேருந்து தூக்கின பிக்கரலுக்கு காத்துப் பை உப்பிடும், கண்ணு பிதுங்கும், வயிறு வாய்ப் பக்கம் தள்ளும். நீந்திப் போற மாதிரி இருந்தாலும் பல சமயம் பிழைக்காது. மெதுவா தூக்கினா சரியாயிடும்னு சொல்றது பொய். அதனால அந்த ஆழத்துல பிடிச்சு விடற விளையாட்டு வேண்டாம், சாப்பாட்டுக்கு வேணும்னா சட்டம் அனுமதிச்ச எண்ணிக்கையை எடுத்துக்கிட்டு அங்கேயே நிறுத்திடுங்க, இன்னும் பிடிக்கணும்னு கை அரிச்சா பதினஞ்சு அடி தண்ணிக்கு வந்து இருட்டற வரைக்கும் ஜெர்க்பெய்ட் போடுங்க.